லாபம் இருக்கு, காசு எங்கே? சுயதொழில் தொடங்குவோருக்கு நடைமுறை மூலதனம் பற்றி

தொழில் தொடங்க நினைக்கும் பிள்ளைகள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எதுல நல்ல லாபம்?" என்பதுதான். பாம்பனில் கேட்டால் கருவாடு என்பார்கள். சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி என்பார்கள். மண்டபத்தில் கடல்பாசி, பரமக்குடி வட்டாரத்தில் குண்டு மிளகாய். பதில் சொல்லுகிறவர் எவரும் பொய் சொல்லவில்லை. இந்தக் குண்டு மிளகாய்க்கு 'ராமநாதபுரம் முண்டு' என்ற பெயரில் 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. சரக்கு நல்ல சரக்கு, கேட்கிற ஆளும் இருக்கிறார்கள், விலையும் கிடைக்கிறது.

அப்படியும் ஆரம்பித்த மூன்றாம் மாதம் கொட்டகையைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. விசாரித்தால் "நஷ்டம்" என்று ஊர் ஒற்றை வார்த்தையில் முடித்துவிடும். கணக்கு நோட்டைப் பிரித்துப் பார்த்தால் பல நேரம் நஷ்டமே இருக்காது. விற்ற ஒவ்வொரு மூட்டையிலும் லாபம்தான். அடுத்த ஏலத்துக்குப் போகக் கையில் பணம் இல்லை, அவ்வளவுதான்.

லாபம் வேறு, கைப்பணம் வேறு. இந்த வித்தியாசத்தைப் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களிடம் யாரும் நிறுத்தி நிதானமாகச் சொல்வதில்லை. பயிற்சி வகுப்புகளில் தன்னம்பிக்கையும் விடாமுயற்சியும் மணிக்கணக்கில் ஓடும், இது அரை மணி நேரத்தில் தாண்டிப் போய்விடும். என் கணக்கில் நேரத்தை மாற்றிப் போட வேண்டும்.

ஊருணிக் கணக்கு

நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். ஊர் குடிக்கிற தண்ணீரையும் பெய்கிற மழையையும் வருஷக் கணக்காகக் கூட்டிக் கழித்தால், 'போதும், மிச்சமே இருக்கும்' என்று விடை வரலாம். சித்திரையில் குடத்தோடு ஊருணிக்குப் போகிறவருக்கு அந்த விடையால் என்ன பயன்? அன்றைக்கு ஊருணியில் கிடப்பதுதான் தண்ணீர்.

லாபம் என்பது வருஷத்து மழைக் கணக்கு. கைப்பணம் என்பது இன்றைக்கு ஊருணியில் கிடக்கும் தண்ணீர். கூலியாளுக்கும் ஐஸ் கடைக்கும் வாடகைக்கும் ஊருணியிலிருந்துதான் மொண்டு கொடுக்க வேண்டும்.

இனி உவமையை விட்டுவிட்டுக் கருவாட்டுக்கு வருவோம். அதில்தான் இந்த விஷயம் பளிச்சென்று தெரியும்.

ஒரு வாரத்துக் கருவாடு

பாம்பனில் ஒரு அக்கா நெத்திலிக் கருவாடு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விலைகள் கணக்குக்காக நான் வைத்தவை. சந்தை விலை நாளுக்கு நாள் மாறும் என்பதால் எண்களைப் பிடித்துக்கொள்ளாமல் கணக்குப் போகும் போக்கைப் பாருங்கள்.

ஒரு ஏலத்தில் 100 கிலோ பச்சை நெத்திலி, கிலோ 60 ரூபாய் வீதம் 6,000 ரூபாய். உப்பு, கூலி, சாக்கு, வண்டி எல்லாம் சேர்த்து 1,000. ஆக 7,000. கடற்கரை ஏலத்தில் பணம் கைமேல் கொடுக்க வேண்டும், கூலியும் அன்றன்றைக்கு. நான்கு கிலோ பச்சை மீன் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கருவாடு நிற்கும். எனவே 25 கிலோ. கிலோ 350 ரூபாய்க்குப் போனால் 8,750. ஓர் ஏலச் சரக்கில் லாபம் 1,750.

வாரத்துக்கு மூன்று ஏலம் எடுத்தால் செலவு 21,000, விற்பனை 26,250, லாபம் 5,250. போட்ட காசுக்கு ஒரே வாரத்தில் கால்வாசி லாபம்! இந்த இடத்தில்தான் எல்லோரும் மயங்கி விழுகிறார்கள்.

இப்போது நாட்களை எண்ணுங்கள். மீனை அலசி, உப்பிட்டு, தரையில் மணல் ஒட்டாமல் வலைத்தட்டில் பரப்பி, காய்ந்ததைப் புரட்டி, பொடிசும் பெரிசுமாகத் தரம் பிரித்து, ஒரு வண்டிக்குத் தோதாக மூட்டை சேர ஒரு வாரம். அதன்பின் சரக்கு மதுரை வியாபாரிக்குப் போகிறது. அவர் காசை உடனே தரமாட்டார். "அக்கா, சரக்கு நல்லாருக்கு. அடுத்த லோடு ஏத்துங்க, சேர்த்துப் போட்டுவிட்டுர்றேன்" என்பார். அந்தச் 'சேர்த்து' என்பது நான்கு வாரம் என்று வையுங்கள்.

ஆக இன்றைக்குக் கடற்கரையில் கொடுத்த காசு திரும்பி அக்கா கைக்கு வர ஐந்து வாரம். இதற்குப் பெயர் பணச் சுழற்சிக் காலம்: சரக்கு வாங்கக் கொடுத்த பணம், விற்ற பணமாகத் திரும்பி வரும் வரை ஆகும் நாட்கள்.

அந்த ஐந்து வாரமும் அக்கா சும்மா இருக்க முடியாது. ஏலம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வாரம் 21,000 என்றால் முதல் ரூபாய் உள்ளே வருவதற்கு முன் 1,05,000 ரூபாய் வெளியே போயிருக்கும். இப்படித் தொழிலின் ஓட்டத்துக்குள்ளேயே, மீனாகவும் மூட்டையாகவும் வியாபாரியிடம் நிற்கும் பாக்கியாகவும், கிடக்கும் பணத்துக்கு நடைமுறை மூலதனம் என்று பெயர். வங்கியில் ஒர்க்கிங் கேப்பிடல் என்பார்கள். கொட்டகை போடவும் உலர்த்தும் இயந்திரம் வாங்கவும் ஆகும் பணம் இதில் சேராது. அது தனி.

அக்கா கையில் சேமிப்பு 60,000 இருந்தது என்று வையுங்கள். வாடகை, கரண்ட், பழைய கடன் தவணை என்று மாதம் 8,000, அதாவது வாரத்துக்கு 2,000. இரண்டு வாரத்தில் ஏலத்துக்கு 42,000, மற்றதற்கு 4,000 போய்விடும். மூன்றாம் வாரம் கையில் 14,000. இரண்டு ஏலம் எடுக்கலாம், அந்த வார வாடகைப் பங்கு பாக்கி. நான்காம் வாரம் கை காலி.

அந்த நாளில் அவர் நோட்டில் என்ன இருக்கும்? எட்டு ஏலத்துச் சரக்கு, வர வேண்டியது 70,000 ரூபாய். மூன்று வார வாடகை வகையறா 6,000 கழித்தும் 8,000 ரூபாய் லாபம். ஏலக்காரரிடம் இந்த நோட்டைக் காட்டி மீன் வாங்க முடியாது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சரக்கை விற்றதுமே லாபம் நோட்டில் ஏறிவிடும், காசு பிறகுதான் வரும். நடுவில் உள்ள வாரங்களுக்கு நம் சொந்தப் பணமோ கடன் பணமோ தாங்கி நிற்க வேண்டும். அந்தத் தாங்குகிற பணம் எவ்வளவு என்று தெரியாமல் இறங்குவதுதான் ஆபத்து.

வியாபாரம் பெருகும்போது வரும் சிக்கல்

இது பலருக்குப் புரியாத இடம். முதல் முறை கேட்கும்போது நம்பவும் மாட்டார்கள்.

அக்கா எப்படியோ 1,15,000 ரூபாய் புரட்டி ஐந்து வாரத்தைத் தாண்டிவிட்டார். இப்போது வாரம் 26,250 உள்ளே வருகிறது, 21,000 ஏலத்துக்குப் போகிறது, 2,000 வாடகை வகையறாவுக்கு. மிச்சம் 3,250. வண்டி சீராக ஓடுகிறது. அப்போது மதுரையிலிருந்து போன் வருகிறது: "அக்கா, சரக்கை டபுள் பண்ணுங்க. எவ்வளவு வந்தாலும் எடுத்துக்கிறேன்." வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

இரட்டிப்பாக்க என்ன வேண்டும்? கூடுதலாக வாரம் 21,000, அதுவும் ஐந்து வாரத்துக்கு. மறுபடியும் 1,05,000 ரூபாய். வாரம் 3,250 மிச்சம் பிடித்து அதைச் சேர்க்க 32 வாரத்துக்கு மேல் ஆகும், அதுவும் வீட்டுச் செலவுக்கு ஒரு ரூபாய்கூட எடுக்காமல். பெரிய ஆர்டர் வந்ததும் பழைய ஓட்டத்தில் இருந்த பணத்தையும் எடுத்துப் புதுச் சரக்கில் போட்டால், இரண்டாவது வாரமே மூச்சு முட்டும். வியாபாரம் பெருகப் பெருகக் கைப்பணம் வற்றுவது இப்படித்தான். ஆர்டர் இல்லாமல் படுத்த தொழில்களை ஊர் பார்த்திருக்கிறது. ஆர்டர் அதிகமாகிப் படுத்தவற்றை நஷ்டக் கணக்கில் சேர்த்துவிட்டு மறந்துவிட்டது.

அதனால் பெரிய ஆர்டர் வரும்போது விலையைப் பேசுவதற்கு முன் நாளைப் பேச வேண்டும்.

நாளுக்கும் விலை உண்டு

வியாபாரி நான்கு வாரத்துக்குப் பதில் இரண்டு வாரத்தில் பணம் தந்தால் என்ன ஆகும்? சுழற்சிக் காலம் ஐந்திலிருந்து மூன்று வாரமாகக் குறையும். தேவைப்படும் நடைமுறை மூலதனம் 1,05,000 என்பது 63,000 ஆகும். 42,000 ரூபாய் எந்த வங்கிக்கும் போகாமல், யாரிடமும் கையெழுத்துப் போடாமல் விடுபடுகிறது.

வியாபாரி சும்மா விடுவாரா? "சீக்கிரம் வேணும்னா கிலோவுக்குப் பத்து ரூபா குறைச்சுக்குங்க" என்பார். பத்து ரூபாய்தானே என்று தலையாட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுத்துக் கணக்குப் போடுங்கள். வாரத்துக்கு 75 கிலோ, நான்கு வாரத்தில் 300 கிலோ, குறைத்துக் கொடுப்பது 3,000 ரூபாய். 42,000 ரூபாயை விடுவிக்க மாதம் 3,000 கொடுக்கிறோம் என்றால் நூற்றுக்கு மாதம் ஏழு ரூபாய்க்கு மேல் வட்டி! ஊரில் மூன்று வட்டிக்குக் கொடுப்பவரையே கொள்ளைக்காரர் என்கிறோம். அதே 42,000க்கு வங்கியில் ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்தாலும் மாத வட்டி 420 ரூபாய்தான், கிலோவுக்கு ஒன்றரை ரூபாய்கூட ஆகாது. அதற்கு மேல் குறைத்துக் கொடுப்பதைவிட வங்கிக் கடன் மலிவு.

கடற்கரையில் முன்பணம் வாங்கும் பழக்கத்தையும் இதே கண்ணால் பார்க்கலாம். வலைக்கும் என்ஜினுக்கும் வியாபாரி முன்பணம் கொடுப்பார், வட்டி கேட்கமாட்டார். பிடித்த மீனை அவருக்கே போட வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். வட்டி இல்லாத பணம் என்று நினைக்கிறோம், வட்டி மீன் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. முன்பணமே தப்பு என்று நான் சொல்லவில்லை. ராத்திரி பத்து மணிக்கு அவசரம் என்றால் கதவைத் திறக்கிறவர் அந்த வியாபாரிதான், வங்கி மேலாளர் அல்ல. கிலோவுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்கினால் சரி.

சட்டம் ஒன்றும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாளுக்கு மிகாமல் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' என்ற வட்டி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இந்த உரிமைக்கு உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு வேண்டும். இணையத்தில் இலவசமாகச் செய்யலாம், புரோக்கருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சரக்கு அனுப்புவதற்கு முன்பே பதிந்துவிடுவது நல்லது. கருவாடு போடுவது போல உற்பத்தி செய்கிறவருக்கும் சேவை தருகிறவருக்கும்தான் இந்தப் பாதுகாப்பு. வெறுமனே வாங்கி விற்பவருக்கு இல்லை.

வாடிக்கை வியாபாரிமேல் யாராவது வழக்குப் போடுவார்களா? போடமாட்டார்கள். ஆனால் 2024 ஏப்ரல் முதல் வேறொரு விதி நடைமுறைக்கு வந்தது: இந்த நாள் கெடுவைத் தாண்டி நிற்கும் பாக்கியை, பணம் கொடுத்த ஆண்டில்தான் வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். முறையாகக் கணக்கு வைக்கும் பெரிய கடைகளுக்கு இது உறைக்கும். பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்துவிட்டால் நாம் வாய் திறக்காமலே அவர்களுடைய ஆடிட்டர் ஞாபகப்படுத்துவார்.

சரக்கில் முடங்கும் பணம்

கருவாட்டில் பணம் பெரும்பாலும் வியாபாரியின் பாக்கியாக நிற்கிறது. மிளகாய்ப் பொடித் தொழிலில் அது சாக்கு மூட்டையாக நிற்கும். நம் பக்கம் மிளகாய் அறுவடை மாசி, பங்குனியை ஒட்டி. பொடி வருஷம் முழுக்க விற்க வேண்டும். ஆகவே வருஷத்துக்கு வேண்டிய வற்றலை இரண்டு மூன்று மாதத்துக்குள் வாங்கிப் போட வேண்டும். ரொக்கத்துக்கே பொடி விற்றாலும், மார்கழியில் விற்கும் பாக்கெட்டுக்கான பணம் பங்குனியிலேயே போயிருக்கும். கருப்பட்டியும் இதே ரகம்: பதநீர் இறங்கும் காலம் சில மாதம், விற்கும் காலம் பன்னிரண்டு மாதம். இவற்றின் சுழற்சிக் காலத்தை வாரத்தில் எண்ணக்கூடாது, மாதத்தில் எண்ண வேண்டும்.

இதற்கெல்லாம் எந்தக் கடன்?

இரண்டு வகைக் கடனைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இயந்திரம், கொட்டகை, வண்டிக்கு வாங்குவது தவணைக் கடன்: மொத்தமாக வாங்கி மாதாமாதம் கட்டுவது. ஓட்டத்துக்கு வாங்குவது கேஷ் கிரெடிட்: வங்கி ஒரு வரம்பு வைக்கும், அதற்குள் தேவைப்படும்போது எடுக்கலாம், காசு வரும்போது போடலாம், எடுத்திருக்கும் தொகைக்கு மட்டும் வட்டி. புதிதாக வருகிறவர் பெரும்பாலும் தவணைக் கடனை மட்டும் கேட்டு, முழுப் பணத்தையும் இயந்திரத்தில் போட்டுவிட்டு, மீன் வாங்கக் காசில்லாமல் பளபளக்கும் உலர்த்தியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

சிறு தொழிலுக்கு ஓட்டக் கடனை வங்கிகள் மதிப்பிட எளிய முறை ஒன்று நெடுங்காலமாக இருக்கிறது. எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனம் தேவை என்று எடுத்துக்கொண்டு, அந்த 25இல் 20ஐ வங்கி தரும், மீதி 5ஐ நாம் போட வேண்டும். நம் அக்கா வருஷத்தில் 40 வாரம் ஓட்டினால் விற்பனை 10,50,000. வங்கிப் பங்கு 2,10,000, சொந்தப் பங்கு 52,500. அவருடைய தேவைக்கு இது தாராளம். விற்பனை மதிப்பீட்டை நம்ப வைக்கத்தான் பில், வங்கிப் பரிவர்த்தனை எல்லாம் கேட்பார்கள். மொத்த வியாபாரத்தையும் ரொக்கத்திலேயே நடத்துகிறவருக்கு இங்கேதான் கதவு மூடுகிறது.

முத்ரா பற்றியும் ஒரு வார்த்தை. 2015இல் வந்த இந்தத் திட்டத்தில் அடமானம் இல்லாமல் 10 லட்சம் வரை கடன் கிடைக்கும். முந்தைய தருண் வகைக் கடனை (முத்ராவில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான கடன்) ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 20 லட்சம் வரை. ஓட்டச் செலவுக்கும் வாங்கலாம். டீக்கடையில் சொல்வது போல அது 'மோடி கொடுக்கிற பணம்' இல்லை, வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய வங்கிக் கடன். மானியம் வேண்டுமென்றால் அது வேறு திட்டம், மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம்.

கடல் மூடும் மாதங்கள்

நம் கரைக்கென்று தனிக் கணக்கு ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலை ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிப்பு, மழை. மீன் கிடைத்தாலும் காய வெயில் இருக்காது. இதைக் கழித்துத்தான் மேலே 40 வாரம் என்று போட்டேன்.

ஏலம் நின்றால் மீன் செலவும் கூலிச் செலவும் நின்றுவிடும். இவை மாறும் செலவு: வேலை நடந்தால் வரும், நடக்காவிட்டால் வராது. வாடகையும் கடன் தவணையும் நிற்காது. அவை நிலையான செலவு. அக்காவுக்கு மாதம் 8,000, தடைக்காலம் முழுக்க 16,000. இதை ஓடுகிற 40 வாரத்தில் பிரித்தால் வாரம் 400 ரூபாய். தனிக் கணக்கில் போட்டு வைத்தால் ஏப்ரலில் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

தடைக்காலத்துக்கு முன் சரக்கைப் பதுக்கி வைத்து மே மாதம் கூடுதல் விலைக்கு விற்கலாமே என்று ஒரு ஆசை வரும். விலை ஏறுவது உண்மைதான். ஆனால் அந்த மூட்டைகள் கிடக்கிற நாளெல்லாம் சுழற்சிக் காலத்தில் சேரும், கடற்கரை ஈரக்காற்றில் கருவாடு பூஞ்சை பிடிக்கவும் செய்யும். முழுக்கக் கடனில் வாங்கிய சரக்கை இப்படி வைத்திருக்கவே கூடாது. சொந்தப் பணத்தில் கொஞ்சம் வைத்துப் பார்க்கலாம்.

நோட்டில் மூன்று பத்தி

கம்ப்யூட்டர் கணக்கெல்லாம் பிறகு வரட்டும். பள்ளிக்கூடப் பிள்ளையின் கோடு போட்ட நோட்டு போதும். இடது பத்தியில் சரக்கு அனுப்பிய தேதியும் தொகையும். நடுவில் வியாபாரி பணம் தருவதாகச் சொன்ன தேதி. வலதில் உண்மையில் பணம் வந்த தேதி. வீட்டுக்கு எடுக்கும் பணத்தை இதில் கலக்காமல், 'என் சம்பளம்' என்று தனிப் பக்கத்தில் எழுத வேண்டும். மகள் பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்த ஐயாயிரத்தை எழுதாமல் விட்டுவிட்டு, மறுவாரம் மீன் காசு குறைகிறதே என்று தேடுவது வழக்கமாக நடப்பது.

இரண்டு மாதம் எழுதினால் நடுப் பத்திக்கும் வலது பத்திக்கும் உள்ள இடைவெளி ஆளுக்கு ஆள் எப்படி மாறுகிறது என்று தெரிந்துவிடும். கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடத் தருகிற ஒருவர், சொன்ன தேதிக்கு இருபது நாள் கழித்துத்தான் தருவார். குறைத்துத் தருகிறவர் திங்கட்கிழமை காலையில் ஜி-பேயில் போட்டுவிடுவார். பங்குனி பிறந்ததும் அந்தப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, தடை தொடங்கும் முன் யாருக்குப் போன் போட வேண்டும், யாருக்கு இந்த லோடு ஏற்ற வேண்டாம் என்று முடிவு செய்யலாம்.